அண்டா அக்காவும் சின்னத் தட்டுகளும்

எங்கள் ஓட்டல் பாரில் தட்டு சின்னது. அதில் வைப்பது அதைவிடச் சின்னது. விலையைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை, நான் அங்கே சம்பளம் வாங்குகிறவன். பதினாறு வருஷமாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்று காக்டெயில் கலக்குகிறேன். என் முதுகுப் பக்கச் சுவரில் ஒரு சதுர ஜன்னல் உண்டு. பாருக்கென்றே இருக்கிற குட்டிச் சமையலறையிலிருந்து அந்த ஜன்னல் வழியாகத்தான் தட்டுகள் வெளியே வரும். அந்த ஜன்னலுக்கு அப்பால், ஒரு திங்கட்கிழமை, அண்டா அக்கா வந்து சேர்ந்தாள்.

பெயர் வைத்தது நான்தான். வந்த அன்றைக்கே எங்கள் சமையலறையில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அழகா இருக்கு தம்பி. சமைக்கிற பாத்திரம் எங்க?" என்று கேட்டாள். நான் விளையாட்டாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, உண்மையிலேயே தேடிக்கொண்டிருந்தாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்தாறு வருஷம் ஒரு பஸ் டெப்போ கேன்டீனில் சமைத்தவள். காலையில் நானூறு பேர், மதியம் நானூறு பேர். அவளுக்குத் தெரிந்த அளவுகள் வாளி, அண்டா, மூட்டை, அவ்வளவுதான். டெப்போவை ஊருக்கு வெளியே மாற்றி, கேன்டீனை வேறு யாருக்கோ குத்தகைக்கு விட்டபோது அவளுக்கு வேலை போய்விட்டது. வயது அப்போது ஐம்பத்தொன்று. புருஷன் கல்யாணமான நாலாம் வருஷமே வேறு ஊர், வேறு குடும்பம் என்று போய்விட்டான். அதைக்கூட அவள், ஏதோ பஸ் லேட்டாகிவிட்டது என்கிற மாதிரிதான் சொல்வாள். "அந்த ஆளு போனது ஒரு பக்கம் நல்லதுதான் தம்பி, குறட்டை தாங்க முடியாது."

தங்கை வீட்டில்தான் இருந்தாள். தங்கை, தங்கை புருஷன், மூன்று பிள்ளைகள், தங்கையின் மாமியார். எல்லோரும் நல்லவர்கள். அக்காவைக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் வீடு சின்னது. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு நடையில்தான் அவளுக்கு இடம். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் அவள் காலை மடக்க வேண்டும். மாமியார் எழுந்தால் பாயையே சுருட்ட வேண்டும். "கோபப்படவும் முடியாது தம்பி. அந்தம்மா 'மன்னிச்சுக்கோம்மா, மன்னிச்சுக்கோம்மா'ன்னு சொல்லிக்கிட்டே தாண்டிப் போவாங்க" என்றாள் ஒரு நாள், கொத்தமல்லித் தழை கிள்ளிக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

ஓட்டலுக்குப் பின்புறம் ஊழியர் குடியிருப்பு இருக்கிறது. தனியாக இருக்கும் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு அலமாரி போட்டால் நிறைந்துவிடும். ஆனால் வேலை நிரந்தரமானவர்களுக்கு மட்டும். அக்கா மூன்று மாதப் பயிற்சியில் இருந்தாள். மூன்றாம் மாதக் கடைசியில் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் அறை. போடாவிட்டால் தங்கை வீட்டு நடை. கல்யாணத்துக்கு முன்பு பெற்றோரோடு, பிறகு மாமியார் வீட்டில், பிறகு தங்கை வீட்டில் என்று இருந்தவள், தனக்கென்று ஒரு அறையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அந்தக் குடியிருப்பை அவள் சமையலறைப் பின்கதவில் நின்று பார்ப்பதை நான் நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன்.

மேனேஜரை நாங்கள் ஸ்கேல் சார் என்போம், அவர் காது கேட்காத இடத்தில். உண்மையிலேயே சட்டைப் பையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சின்ன ஸ்கேல் வைத்திருப்பார். தட்டின் விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலம் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பது அவர் சட்டம். ஒரு தட்டில் மூன்று வாய். நாலு இருந்தால் அது சாப்பாடு, இரண்டு இருந்தால் அது ஏமாற்று என்பார். கெட்ட மனுஷன் இல்லை. சிரிக்க மட்டும் நேரம் கிடைக்காதவர்.

அக்காவின் கையில் மூன்று நிற்காது. எண்ணித்தான் வைப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு தட்டைப் பார்ப்பாள். முகம் வாடிவிடும். நாலாவதை வைப்பாள். ஜன்னலில் நகர்த்தும்போது, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, ஐந்தாவதும் வந்துவிடும். ஸ்கேல் சார் திருப்பி அனுப்புவார். "ஏன் சார், தட்டு காலியா இருக்கே?" என்பாள். "அதுதாம்மா அழகு" என்பார் அவர். "பசிச்சவனுக்கு எங்க சார் அழகு?" என்று அவள் கேட்க, நான் ஐஸ் அள்ளுகிற சாக்கில் குனிந்துகொள்வேன். கடைசியில் ஸ்டோர்காரரே சலித்துப்போய், அவள் கை தெரிந்து, தலைக்கு ஐந்து என்ற கணக்கில் சாமான் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பயிற்சிக் குறிப்பில் 'ருசி: மிக நன்று' என்றும் 'அளவு: இன்னும் சரியில்லை' என்றும் மாதா மாதம் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஜன்னல் வழியாக அவள் பேச்சு இல்லாத பாரை நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்றாம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை புது மெனுவின் முதல் நாள். முதலாளியம்மா தனக்கு வேண்டிய பத்தொன்பது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள், தன்னோடு சேர்த்து இருபது. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை. ஆறு வகைக் காக்டெயில், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் தட்டு. ஸ்கேல் சார் மத்தியானமே சமையலறைக்கு வந்து சொல்லிவிட்டார். "அம்மா, இன்னிக்கு நான் எழுதுறதுதான் கடைசி. தட்டு சரியா வந்தா எட்டு மணிக்குக் கையெழுத்து. கடுதாசி என் பையிலேயே இருக்கு."

"சரிங்க சார்" என்றாள் அக்கா. அவர் போன பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"சொன்ன பேச்சு கேக்குமான்னு பாக்கிறேன்."

இங்கேதான் டெப்போ கேன்டீன் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ஆபீஸிலிருந்து 'நானூறு பேர்' என்று சீட்டு வந்தால் அக்கா அதை நம்பமாட்டாள். ஸ்டூலில் ஏறி, ஜன்னல் வழியாக, வாசலில் நிற்கும் வரிசையைத் தானே எண்ணுவாள். வழியில் பஸ் பழுதாகி வந்து சேர்ந்தவன், வேறு டெப்போக்காரன், டிக்கெட் கட்டு வாங்க வந்தவன் என்று எப்படியும் இருபது முப்பது தலை கூடுதலாக இருக்கும். எண்ணி முடித்த பிறகுதான் பங்கு பிரிப்பாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் கடைசி ஆள் வெறுந்தட்டோடு போனதில்லை என்பது அவள் பெருமை. அந்தப் பெருமையில் எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. பொய் சொல்கிறவள் இல்லை.

அன்றைக்கும் அதே பழக்கம். ஆறு மணிக்குக் கார்கள் வர ஆரம்பித்ததும் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்து எண்ணியிருக்கிறாள். எல்லோரும் சலவைச் சட்டை, பளபளக்கும் ஷூ. எண்ணி முடித்து அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்கு எதுவும் தெரியாது. நான் முதல் காக்டெயிலுக்கு எலுமிச்சைத் தோலைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் தட்டு பூண்டு வெண்ணெயில் வதக்கிய இறால். ஜன்னலில் வரிசையாக வந்தது. பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். தட்டுக்கு மூன்று. சரியாக மூன்று. சுற்றிலும் இரண்டு விரல் வெள்ளை. ஸ்கேல் சார் ஸ்கேலை எடுக்கவே இல்லை. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்த முகம் அப்படி மலரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "கை படிஞ்சிடுச்சும்மா!" என்று ஜன்னலுக்குள் தலையை விட்டுச் சொன்னார். நின்ற இடத்திலேயே குறிப்பை எடுத்து, 'அளவு: மிகச் சரி' என்று பேனாவால் எழுதிவிட்டு விருந்தாளிகள் பக்கம் போனார்.

பரிமாறுகிறவர்கள் இருபது தட்டை எடுத்துப் போனார்கள். ஜன்னலில் இன்னும் தட்டுகள் நின்றன. எண்ணினேன். பதின்மூன்று.

"அக்கா, இது என்ன?"

"மீதி ஆளுங்களுக்கு."

"எந்த மீதி ஆளுங்க?"

"முப்பத்துமூணு பேர் வந்திருக்காங்கல்ல. சீட்டுல இருபதுன்னு போட்டிருக்கு. ஆபீஸ்காரங்க எண்ணிக்கை எனக்குத் தெரியாதா? நூறு இறால் இருந்துச்சு. முப்பத்துமூணு பேருக்கு மூணு மூணா வச்சேன். மனசே ஆறல, என்ன செய்ய?"

எனக்கு விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். "அக்கா, அந்தப் பதின்மூணு பேரும் டிரைவருங்க. கார்லயே உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு இங்க எதுவும் கிடையாது."

"எதுவுமா?"

"தண்ணி இருக்கும், ஒரு ரூம்ல."

அக்கா தட்டுகளைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா, வேணாம். அவர் அளவு சரின்னு எழுதிட்டார். இன்னும் ரெண்டு மணி நேரம். இந்தத் தட்டை எல்லாம் ஓரமா வச்சிட்டு, அடுத்த ரவுண்டும் மூணு மூணா அனுப்புங்க. ரூம் உங்களுக்குத்தான்."

"நான் எண்ணிட்டேன் தம்பி."

"எண்ணினா என்ன? தப்பா எண்ணினீங்க."

"தப்பா எண்ணினாலும் எண்ணினது எண்ணினதுதான். எண்ணின ஆளுக்கு எப்படி இல்லைன்னு சொல்றது?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, பெரிய டிரேயில் பதின்மூன்று தட்டையும் அடுக்கி, பின்கதவை முழங்கையால் தள்ளித் திறந்துகொண்டு போய்விட்டாள்.

கோபம் கோபமாக வந்தது. இந்தப் பொம்பளைக்குத் தன் நல்லது தெரியவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு ஜாடியில் இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் புதினாவும் சோடாவும் கலந்தேன். வண்டி ஓட்டுகிறவர்கள், அதனால் மதுவில் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை. நான் நல்லவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உப்பு போட்ட தட்டு, குடிக்க எதுவும் இல்லாமல் என் பாரிலிருந்து வெளியே போவது எனக்கு அவமானம். அவ்வளவுதான். ஜன்னலில் பதின்மூன்று கிளாஸை வைத்து, "இதையும் கொண்டு போய்த் தொலைங்க" என்றேன். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

அப்படியே நடந்தது. இரண்டாவது தட்டு காளான், மூன்றாவது உருளைக்கிழங்கு உருண்டை, நாலாவது சீஸ் வைத்து வாட்டிய ரொட்டித் துண்டு. ஒவ்வொரு ரவுண்டும் நூறு வரும், முப்பத்துமூன்று தட்டுக்கு மூன்று மூன்றாகப் போகும். பார் களைகட்டியது. ஷேக்கர் குலுங்கும் சத்தம், கிளாஸ்கள் உரசும் சத்தம், சிரிப்பு. ஒருவர் மூன்றாவது காக்டெயிலுக்குப் பிறகு எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். இஞ்சி, தேன், ரம் சேர்த்தது அது, நானே யோசித்துச் செய்தது. கைகூப்ப வேண்டியதுதான். பின்பக்கமிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. கார் நிறுத்துமிடத்தில் ஒரு காரின் முன்பக்கத்தையே மேஜையாக்கிவிட்டார்களாம். அக்கா ஒவ்வொரு தடவையும் அங்கே போய் வந்தபோது அவள் நடையே மாறியிருந்தது. "தம்பி, வெள்ளைக் கார்க்காரர் சொல்றார், காளான்ல மிளகு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமாம்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஓசியில் சாப்பிடுகிறவன் குறை சொல்கிறானா! சொன்னது சரிதான் என்பது வேறு விஷயம்.

ஏழேகாலுக்குக் குட்டு வெளிப்பட்டது.

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டார்கள். டிரைவருக்குப் போன் போட்டார்கள். அவர் ஓட்டமாக வந்தார். ஐம்பது வயதிருக்கும், பருத்த மனுஷர், அவர் மீசையில் ஒரு ரொட்டித்தூள். கண்ணாடியைக் கொடுத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். போகவில்லை. மரியாதை தெரிந்தவர் அல்லவா, நன்றி சொல்லிவிட்டார்.

"அம்மா, எங்களையும் நெனச்சு அனுப்புனீங்க பாருங்க, ரொம்ப சந்தோஷம்மா. அந்த அஞ்சாவது தட்டு மீன் இருக்கே, அப்பா!"

முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். "அஞ்சாவதா? எங்களுக்கு இன்னும் நாலுதானே வந்திருக்கு?"

பின்கதவு பக்கத்தில் இருப்பதால் அக்கா டிரைவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டாள். சூடு ஆறிவிடும் என்று நினைத்திருப்பாள். ஸ்கேல் சார் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஒரு சுத்தமான கிளாஸை எடுத்து மறுபடியும் துடைக்க ஆரம்பித்தேன்.

முதலாளியம்மா டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனுஷருக்கு இப்போதுதான் ஏதோ தப்பாகிவிட்டது என்று உறைத்து, மீசையைத் துடைத்துக்கொண்டார். "மீன் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள் அம்மா.

"நல்லா... நல்லா இருந்துச்சும்மா. மேல ஏதோ புளிப்பா..."

"போதும் போதும், சொல்லிடாதீங்க. நான் சாப்பிட்டுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர்கள் சிரித்த சிரிப்பில் மேஜையே குலுங்கியது. மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் ஸ்கேல் சார் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். மூக்கை நுழைப்பது என் பிறவிக்குணம். ஜன்னலில் தலையை விட்டுக்கொண்டேன்.

"யாரைக் கேட்டு அனுப்புனீங்க?"

"யாரையும் கேக்கல சார். நான்தான்" என்றாள் அக்கா. இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சாமான் யார் கூடுதலாக் குடுத்தது?"

"கூடுதலா ஒண்ணும் எடுக்கல சார். எப்பவும் தர்ற அதே நூறுதான். தட்டுக்கு மூணு. நீங்க சொன்ன மாதிரியே."

அவர் கையிலிருந்த குறிப்பைப் பார்த்தார். 'அளவு: மிகச் சரி.' அவர் கையெழுத்து, அவர் பேனா. இவள் மூன்றோடு நிறுத்தியதற்குக் காரணம் என்ன என்று அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. அந்த மனுஷரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"நாளைக்கு வெறும் இருபது பேர் மட்டும் வந்தா? மறுபடியும் அஞ்சா?" என்று கேட்டார்.

நான் ஜன்னலிலிருந்து கண்ணால் கெஞ்சினேன். ஒரு பொய் சொல்லக்கா, ஒரே ஒரு பொய்.

"தெரியல சார்" என்றாள். "முயற்சி பண்றேன். எனக்கு அந்த ரூம் வேணும் சார். ரொம்ப வேணும். ஆனா எண்ணினவங்களை விட்டுட்டுப் பரிமாறி எனக்குப் பழக்கமில்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூடி வைத்த ஒரு தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "ஆறிப்போறதுக்கு முன்னாடி இதைச் சாப்பிட்டுடுங்க சார். மத்தியானத்துல இருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல."

மூடியை எடுத்தார். ஒரு இறால், ஒரு காளான், ஒரு உருளைக்கிழங்கு உருண்டை, ஒரு ரொட்டித் துண்டு, ஒரு மீன் துண்டு. நூறில் தொண்ணூற்றொன்பது போக ரவுண்டுக்கு ஒன்று மிஞ்சியதை அவள் சேர்த்து வைத்திருக்கிறாள். பதினாறு வருஷமாக அந்தப் பாரில் நிற்கிறேன், அந்த மனுஷருக்குப் பசிக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு ஒன்றுகூட வைக்கவில்லையே என்று பொறாமையாகவும் இருந்தது.

ஸ்கேல் சார் நின்றுகொண்டே சாப்பிட்டார். ஐந்தையும் சாப்பிட்டார். மீனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து அந்தக் கடுதாசியை எடுத்தார். அடுப்பு மேடை ஈரமாக இருந்ததால் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு தடவை எழுதவில்லை, உதறி உதறிப் போட்டார்.

"இனிமே சீட்டுல டிரைவருங்களையும் சேர்த்தே எழுதித் தரேன்" என்றார். "நீங்க எட்டிப் பாத்து எண்ண வேணாம்."

"சரிங்க சார். ஆனா பாப்பேன்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார், நான் சாட்சி. அதற்குள் முன்பக்கம் யாரோ மேஜையைத் தட்டி, "அஞ்சாவது தட்டு எங்கப்பா?" என்று கத்த, அக்கா ஓடிப்போய் மீனைத் தட்டில் வைக்க ஆரம்பித்தாள். இனிப்புத் தட்டு போகும்போது டிரைவர்களையும் முதலாளியம்மாவே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கடைசி கிளாஸை முப்பத்துமூன்று பேரும் என் கவுண்டரைச் சுற்றி நின்று குடித்தார்கள், டிரைவர்களுக்கு என் இஞ்சித் தண்ணீர். அந்த வெள்ளைக் கார்க்காரர் இதிலும் ஏதோ குறை சொல்ல வாயெடுத்தார், நான் முறைத்ததில் அடங்கிவிட்டார். அன்றைக்கு மாதிரி ஒரு சாயங்காலம் எங்கள் பாரில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அறைக்குக் குடிபோனாள். தங்கை வீட்டில் ஒரே அழுகை. மாமியார்தான் அதிகம் அழுதார்கள், இனி யாரைத் தாண்டிப் போவது என்று இருந்திருக்கும். நானும் பரிமாறுகிறவர்கள் இரண்டு பேரும் ஓட்டல் கொடுத்த கட்டிலையும் அவள் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினோம். லிஃப்ட் இல்லை. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அறை வாசலில் சாவியை வாங்கித் திறந்த அக்கா, உள்ளே போனாள், சுவரைத் தொட்டுப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "தம்பி, ஒரு நிமிஷம் வெளியவே நில்லுங்க" என்றாள். கதவைச் சாத்தினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. கட்டிலின் ஒரு முனை என் தோளில். ஒரு நிமிஷம் ஐந்து நிமிஷமாயிற்று. கொஞ்ச நேரத்தில் உள்ளே அவள் தனியாகச் சிரிப்பது கேட்டது.

"அக்கா, கட்டில் கனக்குது! கதவைத் திறங்க!"

"இருங்கடா" என்றாள் உள்ளேயிருந்து. "இப்பத்தானே சாத்தியிருக்கேன்."